கடைசி வீட்டுக் கதவில் ஒட்டிய வாக்குத்தத்தம்

அப்பா வாரம் ஆறு நாள் மைசூரில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். ஞாயிற்றுக்கிழமை எங்கள் தமிழ்ச் சபையில் தீர்க்கதரிசன வகுப்பு எடுப்பார். பொன் தலை, வெள்ளி மார்பு, இரும்புக் கால் என்று பைபிளில் ஒரு ராஜா கனவில் கண்ட சிலையைப் பழைய வேட்டியில் தானே வரைந்திருந்தார். ஒவ்வொரு அங்கமும் ஒரு சாம்ராஜ்யம், எழுப்புகிறவரும் விழத்தட்டுகிறவரும் ஆண்டவர்தான் என்று பிரம்பால் தட்டித் தட்டிச் சொல்வார். சாம்ராஜ்யம் கிடக்கட்டும், தெருக்குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று அவரிடம் கேட்டுச் சொல்லுங்கள் என்பாள் அம்மா.

புத்தாண்டுதோறும் சபையில் வாக்குத்தத்த அட்டை தருவார்கள். அந்த வருடத்துக்கான வசனம் பெரிய தமிழ் எழுத்தில் அச்சாகியிருக்கும். மற்றவர்கள் வீட்டுக்குள் மாட்டுவார்கள், அப்பா வாசல் கதவில் ஒட்டுவார். தொண்ணூற்றொன்றாம் வருடம் கூடுதலாக ஒன்று வாங்கிவந்து, மைதாப் பசை காய்ச்சி, தெருவில் எங்களைத் தவிர இருந்த ஒரே தமிழ் வீட்டுக் கதவிலும் ஒட்டினார். கடைசி வீட்டுக் கொத்தனார் வீடு அது. மாதேஸ்வரன் மலைச் சிவன் கோயிலுக்கு நடந்தே போகிற குடும்பம். நல்ல மனிதர் ஒட்டுகிறார் என்று விட்டுவிட்டார்கள்.

அதே வருடக் கடைசியில் காவிரிக் கலவரம் வந்தது. ஒரு மத்தியானம் தெருமுனை டீக்கடை எரிந்தது. பக்கத்து வீட்டுக் கன்னடத்து அக்கா ஓடிவந்து, தமிழ் எழுத்தைப் பார்த்துத்தான் கதவை உடைக்கிறார்கள், அட்டையைக் கிழியுங்கள் என்றாள். அப்பா கதவை மறித்து நின்றார். "தேசங்கள ஆளுறவர் குடுத்த வாக்கு. நாலு தடியனுக்குப் பயந்து கிழிச்சா, இத்தன வருசம் நான் சொன்னதெல்லாம் பொய்."

எனக்குப் பதினாறு வயது, மூக்குக்கு மேல் கோபம் வரும். அவர் கையைக் கடித்து, தள்ளிவிட்டு, அட்டையைக் கிழித்தேன். மைதா விடவில்லை. சுரண்டிச் சுரண்டி நகக்கண்ணில் ரத்தம் வந்தது. அப்பா என்னை அறைந்தார். அதுவரை அடித்ததே இல்லை. கொத்தனார் வீட்டுக் கதவு எங்கள் இருவருக்குமே ஞாபகம் வரவில்லை.

அம்மா எங்களை உள்ளே இழுத்துத் தாழ் போட்டாள். கும்பல் எங்கள் வாசலில் சற்று நின்றுவிட்டு நகர்ந்தது. பிறகு கடைசி வீட்டுக் கதவு பிளக்கும் சத்தம் கேட்டது. ஜன்னல் வழியே பார்த்தேன். கொத்தனாரைத் தெருவில் போட்டு அவருடைய மட்டப்பலகையாலேயே அடித்தார்கள். ஒருவன் அவர் வலது கையைக் கல்லில் வைத்து இன்னொரு கல்லால் நசுக்கினான். அப்பா தாழைத் திறந்துகொண்டு, அதை ஒட்டியது நான்தான் என்று கன்னடத்தில் கத்தியபடி ஓடினார். இரும்புக் கம்பி அப்பாவின் முழங்கையில் இறங்கியது. போலீஸ் ஜீப் வரும்வரை மிதித்தார்கள். நான் வெளியே போகவில்லை. பயந்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து, கையில் மாவுக்கட்டோடு அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் கொத்தனார் கட்டிலருகே நின்றார். கொத்தனாரின் வலது கையில் மூன்று விரல்களை எடுத்திருந்தார்கள். அவர் மனைவி அப்பாவைத் திட்டவில்லை.

"எங்களுக்கு எழுத்துத் தெரியாதுங்கண்ணா. அதுல என்னதான் எழுதியிருந்துச்சு?"

தீங்கு எதுவும் உங்கள் வீட்டை நெருங்காது என்று இருந்ததாக நான்தான் சொன்னேன்.



"உங்க ஊட்டுக்கு அப்படியேதானுங்களே ஆச்சு" என்றாள்.