டேப்புல கேட்ட மூணாவது கொரலு

…சும்மா குந்திகினு கேக்கறதுக்கு ஒரு படிப்பான்னு சிரிக்கிறாடி அந்தக் கோடி ஊட்டுக்காரி. அவள ஒரு அரை மணி நேரம் பேசாம குந்தச் சொல்லு, பாப்போம். நானே தோத்தவ.

அப்ப என் பொண்ணு எம்.ஏ. ரெண்டாம் வருசம். மனசு நொந்தவங்க, அடிபட்டு வேலைய உட்டவங்க, அவங்ககூட பேசி மறுபடி எழுப்பி உடற படிப்பு. நான் கைநாட்டு, எனக்குப் புரிஞ்சது அவ்ளோதான். ஒரு ஆள அரை மணி நேரம் பேச உட்டு, டேப்புல புடிச்சி, டீச்சரம்மாகிட்ட குடுக்கணும். புத்தி சொல்லக் கூடாது. அது சரியா வந்தாதான் பாசு.

கம்பெனிங்க கீற எஸ்டேட்ல, தகடு அமுக்கற ப்ரஸ் மிஷின்ல விரல் போன ஒருத்தர் சரின்னு வந்தாரு. யாருன்னு கேக்காத, நம்ம மேனாம்பேட்டுல அப்டி தெருவுக்கு ரெண்டு பேரு கீறாங்க. எங்க ஊடோ ஒரே ரூமு. நான் மூலைல மீன் ஆஞ்சிகினு இருந்தேன். அவரு, "இந்தக் கையப் பாத்தாலே…"ன்னு நிறுத்திட்டாரு. இவ வாயே தொறக்கல. ஊட்டுக்கு வந்த மனுசன் கண்ணு கலங்கறாரு, சும்மா இருப்பாங்களா? "உடு நைனா, எல்லாம் சரியாப்பூடும். ரெண்டு வாய் சோறு துன்னுட்டுப் போ"ன்னேன். அவ்ளோதான், அவரு அப்பறம் பேசவே இல்ல. சோறு மட்டும் துன்னாரு.

டீச்சரம்மா டேப்ப கேட்டுட்டு, "யாரும்மா இது மூணாவது குரல்? அவர் சொல்ல வந்ததை அடைச்சிட்டாங்களே. இன்னொரு தடவை பண்ணு, அதுதான் கடைசி"ன்னுட்டாங்களாம்.

பொண்ணு திட்டல. "அம்மா, அன்னிக்கு மட்டும் பூந்தமல்லி சித்தி ஊட்டுக்குப் போயேன்"னா.

"நான் ஏண்டி போறேன்? இங்கியே குந்திகினு பேசாம இருந்து காட்றேன் பாரு"ன்னேன்.

அவரு வர்ற நேரத்துக்கு அஞ்சு வெத்தல, ஒரு கை பாக்கு, மொத்தத்தையும் வாயில அமுக்கிகினேன். அவரு பழையபடி பாதில நிறுத்தினாரு. எனக்கு நாக்கு துடிக்குது, தொறந்தா பொடவையெல்லாம் எச்சி. இவ அவரு மூஞ்சியவே பாத்துகினு கீறா. டேப்பு சுத்தற சத்தம்தான். அப்பறம் அவராவே ஆரம்பிச்சாரு பாரு, டேப்பு தீந்தும் நிறுத்தல.

பாசாயிட்டா. "இந்தத் தடவை அந்த மூணாவது ஆள் எங்க?"ன்னாங்களாம் டீச்சரம்மா. "அங்கியேதான் இருந்தாங்க மேடம்"னாளாம் இவ.

அவரு இன்னா சொன்னாருன்னா கேக்கற? ம்ஹூம். இந்தத் தெருவுல யார் ஊட்டு சேதி வேணும், கேளு, சொல்றேன். அது மட்டும் வராது. தோ, பைப்புல தண்ணி உட்டுட்டான். கோடி ஊட்டுக்காரி கொடத்தோட ஓடறா பாரு. நவுரு, நவுரு…