ஹாம்பர்க் போகும் பெட்டி

பேக்கிங் செக்‌ஷனில் நாள் முழுக்க நின்றபடியே வேலை. மத்தியானத்துக்குள் சித்ரகலாவின் முழங்கால் கெஞ்ச ஆரம்பித்துவிடும். கவர் போட்ட டி-சர்ட்டுகளைப் பெட்டியில் அடுக்கி, மூடி, டேப் ஒட்ட வேண்டும். பெட்டிகள் லாரியில் தூத்துக்குடி போய்க் கப்பல் ஏறும். போகிற ஊரின் பெயர் பக்கவாட்டில் அச்சடித்திருக்கும். மற்ற ஊர்ப் பெட்டிகளை அவள் ஏறெடுத்தும் பார்க்கமாட்டாள். ஹாம்பர்க் பெட்டி வந்தால் மட்டும் சூப்பர்வைசர் அந்தப் பக்கம் திரும்பும் வரை காத்திருந்து, மூடியின் உட்புறத்தில் மார்க்கரால் எழுதிவிடுவாள்.

"கண்ணு, சாப்பிட்டயா? அம்மா சொன்னதை மறந்துரு. ஒரு போன் பண்ணு."

அவ்வளவுதான். மகன் இளங்கோ அந்த ஊர்த் துறைமுகத்தில், ஏதோ ஒரு குடோனில் பெட்டி இறக்குகிறான். படிக்கப் போனவன் அங்கேயே வேலை தேடிக்கொண்டான், அங்கேயே ஒரு பெண்ணையும் பார்த்துக்கொண்டான். போனில் அதைச் சொன்ன அன்றைக்கு இவள் வாய் சும்மா இருந்ததா? "எனக்குப் புள்ளையே பொறக்கலைன்னு நெனச்சுக்கறேன் போ!" என்று வெட்டிவிட்டாள். நாலு நாளில் கோபம் ஆறிவிட்டது. பெற்றவள் கோபம் எத்தனை நாளைக்கு நிற்கும்? அதற்குள் அவன் நம்பரை மாற்றிவிட்டான். தீபாவளி இரண்டு போய்விட்டது, ஒரு பேச்சு மூச்சில்லை.

கடலில் புட்டிக்குள் சீட்டைப் போட்டு மிதக்க விடுவார்களாமே, அதே பைத்தியக்காரத்தனம்தான். அது அவளுக்கும் தெரியும். பக்கத்து மேசைத் தமிழ்மதி பார்த்துவிட்டுச் சொல்லவும் செய்தாள்.

"ஏனுங்கக்கா, கடல்ல பெருங்காயத்தைக் கரைக்கறீங்களே!"

"கரையட்டும் கண்ணு. என்ற கையில வேற என்ன இருக்குது?"

ஆடிக் காற்று அடித்துக்கொண்டிருந்த ஒரு நாள், மேனேஜர் ஆறுமுகசாமி அவளை ஆபீஸுக்குக் கூப்பிட்டார். கம்ப்யூட்டரில் ஒரு போட்டோ. பிரித்த அட்டைப்பெட்டி, அதில் அவள் எழுத்து.

"இது நீங்க எழுதுனதுங்களா?"

"ஆமாங்க சார்." பொய் சொல்லக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

"எக்ஸ்போர்ட் பெட்டியில இப்படிக் கிறுக்கலாங்களாம்மா? ஆர்டரே கேன்சலாயிருந்தா எத்தனை குடும்பம் தெருவுல நிக்கும்?"

"தப்புதானுங்க. வேலையை விட்டு மட்டும் நிறுத்தீராதீங்க சார்."

"நிறுத்த வேண்டாம்னு ஹாம்பர்க் கம்பெனிக்காரங்களே மெயில் எழுதியிருக்கறாங்க." ஆறுமுகசாமி மெயிலை ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார். "எங்கள் குடோனில் வேலை செய்யும் ஒருவர் இதைப் படித்துச் சொன்னார். இளங்கோ என்ற மகனுக்கு அவனுடைய அம்மா எழுதியதாம். அந்த அம்மாவை வேலையை விட்டு அனுப்ப வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டார்."

சித்ரகலாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு பெட்டியில்கூட அவள் மகன் பெயரை எழுதியதில்லை. பெயரைப் போட்டால் எழுதினது யார் என்று கம்பெனியில் கண்டுபிடித்துவிடுவார்களே என்ற பயம்.

"மெயில் எப்பங்க சார் வந்துச்சு?"

"போன வாரமுங்க."

ஒரு வாரம். இந்த ஒரு வாரமும் போன் அவள் இடுப்பிலேதான் இருந்தது. அவள் நம்பரும் அதே பழைய நம்பர்தான். பிள்ளை உயிரோடு நன்றாக இருக்கிறான் என்று நெஞ்சு குளிர்ந்தது, அந்தக் குளிர்ச்சி அடங்கும் முன்பே எரியவும் செய்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அம்மாளுக்கு வேலை போயிரக் கூடாதுன்னு ஊரான்கிட்டச் சொல்றதுக்கு வாய் வந்துச்சுங்களே சார், எங்கிட்டப் பேசறதுக்கு வரலீங்களே!"

ஆறுமுகசாமி தண்ணீர் பாட்டிலை அவள் பக்கம் நகர்த்தினார். "நாளையிலிருந்து செக்கிங்குக்குப் போயிருங்கம்மா. பெட்டிப் பக்கம் வர வேண்டாம்" என்றார்.

சித்ரகலா மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"சரிங்க சார். இனி எழுதி என்னங்க ஆகப் போவுது? அவந்தான் படிச்சுப்போட்டானே."