கூறு விலைக்கு ஒரு அடுப்படி

ஆஸ்பத்திரியில் டாக்டர் என் மனைவியிடம் இரண்டு விஷயம் சொன்னார். இனிமேல் தரையில் உட்காரக் கூடாது. ரொம்ப நேரம் நிற்கவும் கூடாது. இரண்டு முழங்காலிலும் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குக் கிளம்புகிற நாள் அது. "அப்ப எப்படி டாக்டர் சமைக்க?" என்று கேட்டாள். டாக்டர் சிரித்தார். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. இவள் எழுந்து நடப்பாளா என்று நான் செத்துக்கொண்டிருக்கிறேன், இவளுக்குச் சோற்றுக் கவலை என்று அங்கேயே கத்திவிட்டேன். அவள் கேட்டது சோற்றைப் பற்றி இல்லை. முப்பது வருஷமாக அவள் இஷ்டத்துக்கு நடந்த ஒரே இடம் அந்த அடுப்படிதான். அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

எங்களுக்குத் தங்கச்சிமடம். நான் மீன் வியாபாரி. ஒரே மகளைத் தூத்துக்குடியில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். அவள்தான் போனில் சொன்னாள், "அப்பா, ஆளுக்கு அளவெடுத்து அடுப்படி செஞ்சு தாராங்க. அம்மா உக்காந்துக்கிட்டே சமைக்கலாம்." நல்ல யோசனையாகத்தான் பட்டது. காசும் கையில் இருந்தது, அந்த வருஷம் நண்டு நல்ல விலைக்குப் போயிருந்தது.

மதுரையிலிருந்து டிசைனர் என்று ஒரு பெண் வந்தாள். என் மகளைவிட நாலைந்து வயது சின்னவள். வந்ததும் சுவரை அளப்பாள் என்று பார்த்தால், என் மனைவியை நாற்காலியில் உட்கார வைத்து அவளை அளந்தாள். முழங்கை எந்த உயரத்தில் இருக்கிறது, கை எவ்வளவு தூரம் எட்டும், முழங்கால் எவ்வளவு நீட்டினால் வலிக்காது, எல்லாம். அடுப்பும் மீன் வெட்டுகிற இடமும் சேர்ந்து ஒரு பக்கம் மட்டும் இருபத்தெட்டு அங்குல உயரத்தில், கால் உள்ளே போகிற மாதிரி கீழே காலியாக இருக்கும் என்று படம் போட்டுக் காட்டினாள். "சட்டை தைக்கிறவனைத் தவிர என்னை யாரும் அளந்ததில்ல" என்று என் மனைவி சிரித்தாள். ஆபரேஷனுக்குப் பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

விலை வந்தது. நாலே முக்கால் லட்சம். எனக்குத் தலை கிறுகிறுத்தது. அடுப்படியா, அரண்மனையா? இந்த மதுரைக்காரர்களுக்குக் கடற்கரை ஆள் என்றால் இளிச்சவாயன் என்று நினைப்பு. இருக்கட்டும், பேரம் பேசுவதில் என்னை எவனும் அசைக்க முடியாது என்று வரிந்துகட்டிக்கொண்டு இறங்கினேன்.

நான் பேரம் படித்தது கரையில். படகு வந்ததும் மீனைத் தரையில் கொட்டி, குவியல் குவியலாகக் கூறு போடுவார்கள். ஏலக்காரன் கூறுக்கு விலை சொல்வான். எந்த மீன் எவ்வளவு என்று பிரித்துக் கேட்பவன் வியாபாரியே இல்லை. மொத்தத்துக்கு ஒரு விலை. பிடிக்காவிட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு கடலைப் பார்க்க வேண்டும். அவனாக இறங்கி வருவான். நூறு இறங்கினாலும் ஆயிரம் இறங்கினாலும் கூறு அப்படியே கண் முன்னால்தான் கிடக்கும். அதிலிருந்து ஒரு விளமீனை எவனும் உருவிக்கொண்டு போக முடியாது.

அந்தப் பெண்ணிடமும் அதையே செய்தேன். "மொத்தம் எவ்வளவு, அதை மட்டும் சொல்லு தாயி" என்றேன். அவள் பலகை, கீல், கல், உயரம் என்று ஆரம்பித்தால், "அதெல்லாம் ஒம்பாடு, கடைசி விலை என்ன?" என்று வாயை அடைத்தேன். மூன்று நாள் போனை எடுக்கவில்லை. நாலரையாக இறங்கியது. ஒரு வாரம் எடுக்கவில்லை. நாலு. கடைசியில் மூன்றே கால் லட்சத்தில் வந்து நின்றாள். ஒவ்வொரு தடவையும் வாட்சப்பில் ஒரு தாள் அனுப்பினாள், நாலு பக்கம், எல்லாம் இங்கிலீஷ். நான் நேராக அடியில் இருக்கிற தொகையைப் பார்ப்பேன். அவ்வளவுதான். கடைசித் தாளில் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.

அதற்கப்புறம் என்னைப் பிடிக்க முடியுமா? டீக்கடையில் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் சொன்னேன். ஒன்றரை லட்சம் அடித்து இறக்கினேன் என்று பாம்பன் வரைக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

பழைய மேடையை இடித்துவிட்டு, லாரியில் வந்ததை இரண்டு நாளில் பொருத்திவிட்டார்கள். நான் கரையிலிருந்து வந்து பார்க்கிறேன், அடுப்படி பளபளவென்று இருக்கிறது. ஆனால் ஒரு சுவரிலிருந்து மறு சுவர் வரைக்கும் ஒரே மட்டம். தாழ்வான பக்கமே இல்லை. அடுப்பு என் மனைவியின் நெஞ்சுக்குக் கொஞ்சம் கீழே இருந்தது, அதுவும் நின்றால். கால் போக வேண்டிய இடத்தில் டிராயர்.

போனில் அந்தப் பெண்ணைக் கிழித்தேன். அவள் குரலை உயர்த்தவே இல்லை. "சார், ரெண்டாவது தடவை குறைச்சப்ப, தண்ணி தாங்குற மரைன் பிளைப் பலகையை மாத்திச் சாதாப் பலகை போட்டோம். மூணாவது தடவை துருப்பிடிக்காத கீலை எடுத்தோம். கடைசியில தனி அளவை எடுத்துட்டு எல்லாத்தையும் ஸ்டாண்டர்ட் உயரமாக்கினாத்தான் அந்த விலை வந்துச்சு. எல்லாம் தாள்ல இருக்கு சார், நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க." எனக்கு வாயில் வந்ததெல்லாம் சொன்னேன். என் மனைவி வந்து போனை வாங்கிக்கொண்டாள். "விடுங்க. நல்லாத்தான் இருக்கு. நான் நின்னுக்கிடுவேன்."

நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது. கல்லை உடைத்து, பெட்டிகளைக் கழற்றி மறுபடி செய்ய இன்னும் ஒன்றரை லட்சம் ஆகும் என்றார்கள். செய்தால் ஊர் சிரிக்கும். உயரமான ஸ்டூல் ஒன்று வாங்கிப் போட்டேன். முன்னால் டிராயர் இருப்பதால் அவள் பக்கவாட்டில் உட்கார்ந்து, இடுப்பைத் திருகிக்கொண்டு குழம்பைக் கிண்டினாள். கால் தொங்கித் தொங்கி வீங்கியது. ஒரு வாரத்தில் ஸ்டூலைத் தள்ளி வைத்துவிட்டு நிற்க ஆரம்பித்தாள். உப்புக் காற்றில் நாலு மாதத்துக்குள் கீலெல்லாம் துருப்பிடித்துக் கதவுகள் கிறீச்சிட்டன. அந்தச் சத்தம் நின்றால் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு வலி தணியக் காத்திருக்கிறாள் என்று அர்த்தம். எனக்கு அது தெரியும். தெரிந்துகொண்டேதான் டிவி பார்த்தேன்.

எட்டாவது மாதம் வலது காலை ஊன்ற முடியாமல் போனது. ராமநாதபுரத்தில் படம் எடுத்துப் பார்த்தார்கள். ஆபரேஷனில் உள்ளே வைத்த செயற்கை மூட்டு ஆடிப்போயிருக்கிறது, மறுபடி திறக்க அவளுக்கு இருக்கிற சர்க்கரை வியாதி இடம் கொடுக்காது என்றார்கள். அன்றிலிருந்து கட்டிலும் நாற்காலியும்தான். சமைப்பது நான். என் சமையலைப் பற்றிப் பேசாமல் இருப்பதே நல்லது.

போன மாதம் பெரியபட்டினத்திலிருந்து அவளுடைய பழைய சிநேகிதி பார்க்க வந்திருந்தாள். நான் உள்ளே டீ போட்டுக்கொண்டிருந்தேன். வந்தவள் அடுப்படியை எட்டிப் பார்த்து, "இவ்வளவு அழகா வச்சிருக்கியே, எவ்வளவு ஆச்சு?" என்று கேட்டாள். என் மனைவி சொல்வது காதில் விழுந்தது. "அதெல்லாம் அவுக சாமர்த்தியம். ஒன்றரை லட்சம் அடிச்சுக் குறைச்சாகள்ல. வேற ஆளா இருந்தா ஏமாந்திருப்பாக." குரலில் கேலி துளியும் இல்லை. அப்படி இருந்திருந்தாலாவது தாங்கியிருப்பேன்.

சிநேகிதி போன பிறகு அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "எல்லாத்தையும் உடைச்சு எறிஞ்சுட்டு நீ கேட்ட மாதிரி செஞ்சுருவோம். என்ன ஆனாலும் சரி" என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அந்த மதுரைப் பொண்ணு, நீங்க விலை பேசிக்கிட்டு இருந்தப்பவே எனக்குப் போன் பண்ணுச்சு" என்றாள். "தாழ்வாப் போட்டதை எடுத்தாத்தான் விலை இறங்கும், எடுக்கட்டுமாம்மான்னு கேட்டுச்சு. சரின்னுட்டேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க நம்ம வீட்டு வாசல்ல நின்னு ஒவ்வொருத்தர்ட்டயும் சொல்லிக்கிட்டு இருந்தீக, இன்னும் இறக்குவேன்னு. அவ்வளவு சந்தோசமா இருந்தீக. சொல்லியிருந்தா கேட்டிருப்பீகளா?"

கேட்டிருக்க மாட்டேன். நாளைக்கே ஆளை வரச் சொல்லட்டுமா என்று மட்டும் கேட்டேன்.

"இனி யாருக்கு?" என்றாள்.