ஜோஸ்லினின் தாடையும் மூன்று பொய்களும்

தலைச்சோலையிலும் செம்மநத்தத்திலும் ஜோஸ்லினைத் தெரியாதவர்கள் கிடையாது. பதினேழு வருடமாக அந்த இரண்டு ஊர்களுக்கும் தபால் கொண்டுபோகிறவள். ஸ்கூட்டர் ஏறாத இடத்துக்கு நடந்தே போவாள். ஞாயிற்றுக்கிழமை ஏற்காட்டில் கோயில் பாடகர் குழு தடுமாறும்போதெல்லாம் அவள் குரல்தான் மற்றவர்களை இழுத்துப்பிடித்துக் கரைசேர்க்கும். நாற்பத்திரண்டு வயதில், தன்னைப் பற்றி ஊருக்குத் தெரியாதது ஒன்றே ஒன்றுதான் என்று அவள் நம்பியிருந்தாள். அவளுக்குத் தாடையில் முடி முளைக்கும்.

பூனைமுடி இல்லை. பெரும்பாலும் கறுப்பாக, முரடாக, மொத்தம் பத்தொன்பது. தினமும் காலை ஐந்தரைக்குக் குளியலறைத் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு, கைக்கண்ணாடியை விளக்குப் பக்கம் திருப்பி, ப்ளக்கரால் ஒவ்வொன்றாகப் பிடுங்குவாள். ஜீப் ஓட்டப் புறப்படும் அவசரத்தில் கணவன் ரொனால்ட் கதவைத் தட்டினால், "ஜெபம் பண்ணிட்டிருக்கறனுங்க" என்பாள். குளியலறையில் என்ன ஜெபம் என்று அவன் ஒருநாளும் கேட்டதில்லை.

தலைச்சோலையில் ஒரு நாள் மணியார்டர் கொடுக்கக் குனிந்தபோது, தாயின் இடுப்பில் இருந்த மூன்று வயதுக் குழந்தை அவள் தாடையைத் தடவிப் பார்த்து, "அத்தைக்கு முள்ளு" என்றது. தாய்க்காரி சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டாள். முடி நீக்கும் லேசர் விளம்பரத்தைச் செல்போனில் தள்ளித்தள்ளி விட்டுக்கொண்டிருந்த ஜோஸ்லின், அன்று அதைத் தள்ளவில்லை.

டாக்டரைப் பார்க்கச் சேலத்துக்குப் போய்வர ஒரு நாள் வேண்டும். ரொனால்டிடம் ஆபீஸ் ட்ரெயினிங் என்றாள். போஸ்ட்மாஸ்டர் சந்திரசேகரிடம் கடவாய்ப்பல் பிடுங்க வேண்டும் என்றாள். அன்றைய பாட்டுப் பயிற்சிக்கு ஏன் வர முடியாது என்று கேட்ட பாடகர் குழு அற்புதத்திடம், சித்தப்பா மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்றாள். பஸ் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது, எந்தப் பொய் யாருக்கு என்று ஒருமுறை மனப்பாடம் செய்துகொண்டாள்.

தோல் டாக்டர் கவிப்பிரியா மெஷின் பக்கமே போகவில்லை. மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா, முடி திடீரென்று அதிகமானதா என்றெல்லாம் கேட்டு, முதலில் ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார்.

"நிரந்தரமாப் போயிருமுங்களா மேடம்?"

"அப்படிச் சொல்ற இடத்துக்குப் போகாதீங்க. குறையும், மெலியும். ஆறேழு தடவை வரணும். தாடை முடி அப்புறமும் எட்டிப் பார்க்கும். லேசர் கறுப்பைத் தேடித்தான் போகும். நம்ம தோலும் கறுப்பு. அதனால தோலுக்கு ஏத்த மெஷின்ல, ஓரமா ஒரு இடத்துல டெஸ்ட் பண்ணிட்டுத்தான் ஆரம்பிப்பேன். அதுவரைக்கும் வெயில்ல திரியக் கூடாது."

"நான் தபால்காரிங்க."

டாக்டர் காலண்டரைப் புரட்டினார். "அப்ப மழைக்காலத்துல வாங்க. வர்றதுக்கு ஒரு மாசம் முன்னாடியே பிடுங்கறதை நிறுத்திடணும். வேர் இருந்தாத்தான் லேசருக்கு வேலை. ஷேவ் பண்ணிக்கலாம்."

"ஷேவுங்களா?"

"தடியா முளைக்கும்னு சொல்றதெல்லாம் சும்மா. நல்லா யோசிச்சு முடிவு பண்ணுங்க. பண்ணாம விடறதும் ஒரு முடிவுதான்."

ஒத்திகை பார்ப்பது போல ஜோஸ்லின் மறுநாளே ரொனால்டின் ரேசரை எடுத்தாள். ஒரு வாரத்தில் ரொனால்ட் கன்னத்தில் இரண்டு இடத்தில் பேப்பர் துண்டை ஒட்டிக்கொண்டு வெளியே வந்தான். "இந்தக் கம்பெனி பிளேடு முன்ன மாதிரி இல்ல" என்றான். ஜோஸ்லின் கம்பெனியை அவனோடு சேர்ந்து திட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்தால், கடைவீதிக்கு வந்த சந்திரசேகரை ரொனால்ட் பிடித்துவைத்துப் பேசிக்கொண்டிருந்தான்.

"ட்ரெயினிங்குக்கு அனுப்பிட்டீங்க. பிரமோஷன் எப்பங்க சார்?"

"என்ன ட்ரெயினிங்? பல்லு பிடுங்கணும்னுதான் லீவு கேட்டாங்க."

பக்கத்தில் வந்த அற்புதம் நின்றாள். "பல்லுங்களா? பொண்ணு பாக்கறதுக்கில்லீங்க அக்கா போனாங்க?"

மூன்று பேரும் ஜோஸ்லினைப் பார்த்தார்கள்.

"மூணையும் ஒரே நாள்ல முடிச்சனுங்க" என்று சொல்லிவிட்டு, அவள் விறுவிறுவென்று ஜீப்பில் ஏறி உட்கார்ந்தாள்.

ரொனால்ட் வந்து ஜீப்பைக் கிளப்பினான். ஏரியைத் தாண்டுவதற்குள் அவளே எல்லாவற்றையும் கொட்டினாள். முள் என்று சொன்ன குழந்தை வரைக்கும்.

"முடி வெசயம் எனக்குத் தெரியும்" என்றான் அவன்.

"எப்பருந்துங்க?"

"பதினாலு வருசமா. ப்ளக்கர் மொன்னையாகறப்பல்லாம் அதே மாதிரி புதுசு வாங்கி மாத்தி வெச்சது ஆருன்னு நெனச்சே? பிளேடு வெசயந்தான் தெரியாமப் போச்சு." கன்னத்தைத் தடவிக்கொண்டான்.

ப்ளக்கர் வெளிநாட்டுச் சரக்கு, அதனால்தான் மழுங்கவில்லை என்று ஜோஸ்லின் இத்தனை நாள் பெருமைப்பட்டிருந்தாள். வெட்கம் வரும் என்று பார்த்தாள், கோபம்தான் வந்தது. பதினாலு வருடம் வீணாகத் தாழ்ப்பாள் போட்டிருக்கிறாள். இரண்டு நாள் அவனோடு பேசவில்லை.

மூன்றாம் நாள் வேறொரு கேள்வி வந்தது. வீட்டில் மறைக்க ஆளே இல்லாதபோது லேசர் எதற்கு? ஒரு வாரம் பிடுங்காமலும் மழிக்காமலும் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். செம்மநத்தத்துக் காளியாயி அவளை உட்காரவைத்து, முகத்துக்கு நேராகக் கால் மணி நேரம் மருமகளைப் பற்றிப் புலம்பினாள். தாடையை அவள் கவனித்ததாகவே தெரியவில்லை. மற்றவர்களும் அப்படித்தான். ஊர் தன்னையே உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை என்பதில் ஜோஸ்லினுக்குச் சின்ன ஏமாற்றம்கூட.

ஆனாலும் அவளுக்கு லேசர் வேண்டியிருந்தது. ஊருக்காக இல்லை. அவளுக்குக் காலையில் ஆறு மணி வரை தூங்க வேண்டும். இப்படி யோசித்ததும் மனது தெளிந்துவிட்டது. ரத்தப் பரிசோதனையிலும் கோளாறு எதுவும் இல்லை.

ஜூலை மழையில் ஆரம்பித்தாள். ரப்பர் பேண்டைச் சுண்டிவிட்ட மாதிரி சுரீர் என்றது. இரண்டாவது தடவை தாடையோரம் கொஞ்சம் கறுத்து, மறைய இரண்டு மாதமானது. ஆறு முறைக்குப் பிறகு பத்தொன்பது ஐந்தானது. அதில் மூன்று வெள்ளை. அவை லேசரின் கண்ணுக்குத் தப்பி சுகமாக இருந்தன. அவற்றை அவள் வாரம் ஒருமுறை கட்டிலில் உட்கார்ந்து கதவைத் திறந்துவைத்தே பிடுங்கினாள்.

செய்தி எப்படியோ பாடகர் குழுவுக்குப் போனது. முதலில் அற்புதம் தனியாக வந்து, தன் ஒன்றுவிட்ட தங்கைக்காக டாக்டர் நம்பர் கேட்டாள். அடுத்த வாரம் தேவகுமாரி தன் நாத்தனாருக்காகக் கேட்டாள். ஒரு மாதத்தில் பாடகர் குழுவின் சொந்தக்காரப் பெண்கள் அத்தனை பேருக்கும் முடிப் பிரச்சினை இருப்பது ஜோஸ்லினுக்குத் தெரியவந்தது.

கடைசியில் ஒரு மத்தியானம், தபால் பிரித்துக்கொண்டிருந்த சந்திரசேகர் தொண்டையைச் செருமினார்.

"ஏம்மா ஜோஸ்லின், என் மச்சானுக்குக் காதுல முடி. ஆம்பளைங்களுக்கும் அது பண்ணுவாங்களா?"

"பண்ணுவாங்க சார். உங்க மச்சானுக்கு முடி கறுப்புங்களா, வெள்ளைங்களா?"

சந்திரசேகரின் கை தானாகக் காதுக்குப் போனது.

"கலந்திருக்கும்" என்றார்.