ஓரகத்தி பிடித்த புத்தகம்

என் மனைவிக்கு எங்கள் பேட்டையில் பெயர் டேப்பு அக்கா. கழுத்தில் மாலை மாதிரி தொங்கும் அளவு டேப்பைக் குளிக்கப் போகும்போதுதான் கழற்றுவாள். தையற்காரி. "நாளைக்கு வாங்க" என்று சும்மா சொல்லத் தெரியாத தையற்காரி. வெள்ளிக்கிழமை என்று சொன்னால் வெள்ளிக்கிழமை சட்டை பட்டன் கட்டி, இஸ்திரி போட்டுத் தொங்கும். முடியாது என்றால் முகத்தில் அடித்தாற்போல முடியாது என்பாள். இப்படி ஒருத்தியோடு குடும்பம் நடத்துவது எப்படி என்று என்னைக் கேளுங்கள். புதுச் சட்டை போட்டுக்கொண்டு அவள் முன் நின்று "நல்லா இருக்கா?" என்று கேட்பதை நான் விட்டு வெகுகாலம் ஆகிறது.

சொன்ன சொல் தவறாதவள் என்று அவளைப் பிடித்து நகரசபைத் தேர்தலில் நிற்க வைத்தார்கள். எங்கள் வார்டின் பெரிய பிரச்சினை சாக்கடை. "சுத்தம் பண்ண ஆள் வரவைப்பேன், ஆனா மழை காலத்துல மறுபடி அடைக்கும்" என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். இப்படி ஓட்டுக் கேட்டால் யார் போடுவார்கள் என்று தலையில் அடித்துக்கொண்டேன். ஜெயித்துவிட்டாள்.

வம்பு அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. பதவி ஏற்கும்போது சொல்ல வேண்டிய உறுதிமொழியை மனப்பாடம் பண்ணிக்கொண்டு வரச் சொல்லி நகரசபைச் செயலாளர் ஒரு தாள் கொடுத்து அனுப்பியிருந்தார். புனித நூலின் மேல் கை வைத்து அதைச் சொல்ல வேண்டும். எல்லாரும் கடகடவென்று ஒப்பிப்பார்கள். இவள் துணிக்கு அளவு பார்ப்பதுபோல வார்த்தை வார்த்தையாகப் பார்த்தாள்.

"ஏங்க, 'அச்சமோ சலுகையோ இன்றி, விருப்போ வெறுப்போ இன்றி'ன்னு போட்டிருக்கு."

"அச்சம்தான் இடிக்குது. பல்லியைப் பாத்தா நாற்காலி மேல ஏறுற ஆளு நீ."

"விளையாடாதீங்க. எனக்கு உங்க தம்பி பொண்டாட்டியைப் பிடிக்காது. புத்தகத்து மேல கை வச்சு வெறுப்பு இல்லைன்னு எப்படிச் சொல்லுவேன்?"

என் தம்பி மனைவி, அதாவது அவளுடைய ஓரகத்தி, பின் தெருவில் இருக்கிறாள். அதே வார்டு, அதே சாக்கடை. இருவருக்கும் பேச்சுவார்த்தை நின்றது எங்கள் அம்மா போன பிறகு, வீட்டுச் சாமான்களைப் பிரித்தபோது. அம்மா தினமும் ஓதிய வேதப் புத்தகம் தம்பி வீட்டுக்குப் போய்விட்டது. படுக்கையில் கிடந்த அம்மாவுக்கு அதைப் படித்துக் காட்டியது இவள். அட்டை கிழியாமல் துணி உறை தைத்துப் போட்டதும் இவள். "படிச்சது அவ, படுக்கையைத் துடைச்சது நான்" என்றாள் ஓரகத்தி. இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருந்தது. அதனால் நானும் தம்பியும் வாயைத் திறக்கவில்லை.

"புத்தகம் வேண்டாம்னா, மனசாட்சிப்படின்னு சொல்லியும் ஏத்துக்கலாமாம்" என்று ஒரு வழி காட்டினேன்.

"அது இன்னும் மோசம். புத்தகமாவது மூடியிருக்கும்."

உறுதிமொழி எடுக்காவிட்டால் பதவி போய்விடும். மறுதேர்தல் வரும். தோற்றுப்போன மரக்கடைக்காரர் இப்போதே புதுச் சுவரொட்டி அடிக்கக் கிளம்பியிருந்தார். சமாதானம் பேசலாம் என்று ஒரு சாயங்காலம் ஓரகத்தி வீட்டு வாசல் வரைக்கும் போனவள், போன வேகத்திலேயே திரும்பி வந்தாள்.

"என்ன ஆச்சு?"

"மூஞ்சியைப் பாத்ததும் கோவம் வந்துடுச்சு."

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தாள். பதவியேற்பு அன்று சபைக்குப் போய், என்னால் இந்த உறுதிமொழி சொல்ல முடியாது என்று முறையாகச் சொல்லிவிட்டு வரப் போகிறாளாம். எனக்கு வயிற்றெரிச்சல் தாங்கவில்லை. டீக்கடையில் தம்பியைப் பார்த்தபோது எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். என் தம்பி வாயில் எதுவும் தங்காது. அன்றே அவன் மனைவி காதுக்குப் போய்விட்டது.

பதவியேற்பு நாள். கூடத்தில் மின்விசிறிகள் கடகடத்தன. மேஜைமேல் நகரசபையின் புத்தகம் இருந்தது. தங்க எழுத்து, பளபளப்பான அட்டை. ஒருவரும் பிரித்துப் படித்த அடையாளம் இல்லை. புதிய உறுப்பினர்கள் வரிசையாக வந்து அதன்மேல் கை வைத்து, போட்டோவுக்குச் சிரித்து, ஒப்பித்துவிட்டுப் போனார்கள். என் மனைவியைக் கூப்பிட்டார்கள். அவள் எழுந்து செயலாளரிடம் "ஐயா, ஒரு விஷயம்" என்று ஆரம்பிக்கவும், கூடத்தின் கதவு திறக்கவும் சரியாக இருந்தது.

ஓரகத்தி வந்துகொண்டிருந்தாள். நெஞ்சோடு அணைத்தபடி அம்மாவின் புத்தகம். நேராக மேஜை முன்னால் வந்து நின்றாள்.

"என்னால பதவியை விட்டாள்னு நாளைக்கு ஊரே என்னைத் திட்டணுமா? இதுல கை வச்சுச் சொல்லச் சொல்லுங்க. வீட்டுப் புத்தகம் கொண்டு வரலாம்தானே?"

"தாராளமா. மேஜை மேல வையுங்கம்மா" என்றார் செயலாளர்.

"கீழ வைக்க மாட்டேன். அவ எடுத்துட்டுப் போயிட்டான்னா?"

கூடமே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. தடித்த புத்தகத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு ஒருத்தி. எதிரே, தான் தைத்த உறை வெளுத்துப்போயிருப்பதைப் பார்த்தபடி இன்னொருத்தி. மெதுவாகக் கையை அதன்மேல் வைத்தாள். செயலாளர் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொன்னாள். அச்சமோ சலுகையோ தாண்டியது. விருப்போ தாண்டியது. அடுத்த வார்த்தையில் நின்றுவிட்டாள்.

செயலாளர் இன்னொரு முறை எடுத்துக் கொடுத்தார். இவள் அவரைப் பார்க்கவில்லை. ஓரகத்தியின் தோளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்தச் சட்டையை யாரு தைச்சது?"

"யாரு தைச்சா உனக்கென்ன?"

"ஒரு தோள் ஏறி, ஒரு தோள் இறங்கிக் கிடக்கு. இதைப் போட்டுக்கிட்டா சபைக்கு வருவே? நாளைக்குக் கொண்டா, பிரிச்சுத் தைச்சுத் தரேன்."

"நாளைக்குன்னா நாளைக்கேவா?"

"நான் என்னைக்கு மாத்திச் சொன்னேன்?"

ஓரகத்தி புத்தகத்தைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தாள். "சரி, சீக்கிரம் சொல்லு அக்கா. கை வலிக்குது."

அக்கா என்று அவள் கூப்பிட்டுக் கேட்டு எத்தனை காலம் ஆயிற்று! எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் மனைவி தொண்டையைச் செருமிக்கொண்டு, 'வெறுப்போ இன்றி' என்று கூடத்தின் கடைசி பெஞ்சுக்கும் கேட்கும்படி சொன்னாள். சொல்லி முடித்ததும் ஓரகத்தி புத்தகத்தை அணைத்து எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். அதில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

சட்டை மறுநாள் தயாராகிவிட்டது. அதன்பின் இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்துத் தொடங்கி, என் வீட்டுச் சர்க்கரை டப்பா வேகமாகக் காலியாக ஆரம்பித்தது.

முதல் மழையிலேயே சாக்கடை அடைத்தது. ஓரகத்தி வீட்டு வாசலிலும் நாற்றம் குடலைப் புரட்டியது. அவளுக்கு முன்பே புகார் கொடுத்த வீடுகள் நிறைய இருந்தன. என் மனைவி ராத்திரி சாப்பிடாமல் டேப்பை விரலில் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தாள்.

"முந்தி மாதிரி இருந்தா அவ வீட்டைக் கடைசியில போட்டுடக் கூடாதேன்னு பயந்திருப்பேன். இப்ப முதல்ல ஆளனுப்பணும்னு மனசு அடிச்சுக்குதுங்க. அதையும்தானே வேண்டாம்னு சத்தியம் வாங்கியிருக்காங்க."

இப்போதுதானே ஒட்டியது, மறுபடி பிய்ந்துவிடுமோ என்று எனக்குப் பயமாக இருந்தது. அவளுக்கும் அதே பயம் என்று முகத்திலேயே தெரிந்தது. ஆனாலும் ஆட்களை வந்த புகார் வரிசைப்படியே அனுப்பினாள். பின் தெருவுக்கு அவர்கள் போய்ச் சேர நாளாயிற்று.

அதற்குள் என் தம்பி ஆத்திரம் தாங்காமல் எங்கள் வீட்டுக்கே சண்டைக்கு வந்துவிட்டான். "சொந்த வீட்டுக்கே செய்யலைன்னா என்ன பதவி இது?" என்று அவன் கத்திக்கொண்டிருக்கும்போதே, மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு பின்னாலேயே வந்த அவன் மனைவி அவனைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

"பேசாம வாங்க. அவ சத்தியம் பண்ணும்போது புத்தகத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னது நான்."