அம்மாவின் குதிகால் தையல்

அம்மாவின் குதிகாலில் இருந்த கருப்புப் புள்ளியை வெட்டி எடுத்தது 1957ஆம் ஆண்டு, ஆவணி மாதத்தில். ஆவணி என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அந்த வருஷப் பிள்ளையார் சதுர்த்திக்கு வீட்டில் கொழுக்கட்டை செய்தார்கள். அம்மாவுக்கு மட்டும் கொடுக்கவில்லை. தேங்காய் சேர்த்தால் புண் சீழ் வைக்கும் என்று அத்தை தடுத்துவிட்டாள். பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை ஒப்படைத்து அப்போது மூன்று ஆண்டு நிறையவில்லை. நாங்கள் உப்பளம் என்ற பகுதியில் குடியிருந்தோம். அப்பா பஞ்சாலையில் தறி ஓட்டினார். அத்தை அப்பாவுக்கு அக்கா. புருஷன் இறந்தபின் எங்களோடு வந்து சேர்ந்தவள், வீட்டில் யார் எதைச் சாப்பிடலாம் என்று முடிவு செய்யும் அதிகாரத்தையும் கையோடு கொண்டுவந்திருந்தாள்.

அந்தப் புள்ளி பல வருஷமாக அங்கே இருந்ததுதான். காலில் மச்சம் இருப்பவள் ஊர் ஊராகச் சுற்றுவாள் என்று அத்தை கேலி செய்வாள். அம்மா விழுப்புரத்துக்கு அப்பால் போனதில்லை. அந்தக் கோடையில் அது புளியங்கொட்டை அளவுக்குப் படர்ந்தது. குழாயடிக் கல்லில் லேசாக உரசினாலே ரத்தம் கசிந்தது. அப்பா பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். டாக்டர் எங்கள் ஊர்த் தமிழர், பிரெஞ்சில் மருத்துவம் படித்தவர். பார்த்த உடனேயே, வெட்டி எடுக்காவிட்டால் உயிருக்கு ஆபத்து என்று சொல்லிவிட்டார். நானும் பக்கத்தில்தான் நின்றேன். எனக்குப் பத்து வயது. உயிருக்கு ஆபத்து என்றால் என்ன என்று தெரியும். அது காலில் இருக்கிறது, காலோடு போய்விடும் என்று நினைத்தேன்.

சுற்றியிருந்த நல்ல தோலையும் சேர்த்து வெட்டிக் கருப்பு நூலால் தைத்திருந்தார்கள். வீட்டுக்கு அனுப்பும் நாளில் மாசேர் (கன்னியாஸ்திரிகளை எங்கள் ஊரில் அப்படித்தான் கூப்பிடுவோம்) எங்கள் எல்லோரையும் கையை நீட்டச் சொன்னார். அப்பாவின் நகக்கண்ணில் ஆலை எண்ணெய். அத்தையின் விரல்களில் மஞ்சள்.

“இந்தக் கை புண்ணுல பட்டா வேப்பிலை அரைச்சுப் பூசிடும், எனக்குத் தெரியும்” என்று அத்தையைப் பார்த்துச் சொல்லிவிட்டு, மாசேர் என் கையைப் பிடித்துக்கொண்டார். “பாப்பா, நீதான் கட்டுப் போடணும்.”

கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரில் பஞ்சை நனைத்துப் பிழிந்து, தையலிலிருந்து வெளிப்பக்கமாகத் துடைக்க வேண்டும். துடைத்த பஞ்சால் திரும்பத் துடைக்கக் கூடாது. சிவப்பு மருந்து தொட்டு வைத்து, துணியை இறுக்காமல் சுற்ற வேண்டும். காலை ஊன்றக் கூடாது, தலையணை மேல் உயர்த்தி வைக்க வேண்டும். சிவந்து வீங்கினாலும் சீழ் கண்டாலும் காய்ச்சல் வந்தாலும் உடனே வர வேண்டும். இதெல்லாம் மாசேர் சொன்னது. வாசலில் டாக்டர் அப்பாவிடம் இன்னொன்று சொன்னார்: “வேற எங்கயாவது கட்டி தட்டுப்பட்டாலும் வரணும்.”

“சரிங்க முசே” என்றார் அப்பா.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு உட்காருவேன். முதலில் அந்தத் தையலைப் பார்க்கவே பயமாக இருந்தது. கருப்பு நூல்முனைகள் பூச்சியின் கால்களைப் போல நின்றன. அம்மா வலித்தாலும் காலை இழுக்க மாட்டாள், பாயின் ஓரத்தைப் பிடித்துக்கொள்வாள். அத்தை ஓர் எட்டு தள்ளி நின்று மேற்பார்வை செய்வாள். அவளுக்கு மாசேர் மீது தீராத கோபம்.

“வெள்ளாடை கட்டுனவங்களுக்குத்தான் புண்ணைப் பத்தித் தெரியுமா? நான் எத்தனை புள்ளைங்க புண்ணை ஆத்தியிருக்கேன்.”

“நீங்க கருவாட்டை மட்டும் கண்ணுல காட்டுங்க அக்கா, எல்லாம் ஆறிடும்” என்பாள் அம்மா.

“காட்டுறேன். கண்ணுக்கு மட்டும்.”

ஒருநாள் கட்டுப் போட்டு முடித்ததும், தொடை இடுக்கில் ஏதோ உருள்கிறது என்று அம்மா அத்தையிடம் மெதுவாகச் சொன்னாள். அத்தை புடவைக்கு மேலாகவே தொட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

“கால்ல கத்தி வச்சிருக்காங்க. நெறி கட்டாம என்ன செய்யும்?”

காலில் புண் என்றால் இடுக்கில் நெறி கட்டும், புண் ஆறினால் நெறி தானாகக் கரையும். எங்கள் பக்கத்தில் இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. முள் குத்தி எனக்கே நெறி கட்டியிருக்கிறது. அன்றிரவு சாப்பிடும்போது அப்பா மட்டும் தயங்கினார்.

“டாக்டர் கட்டி வந்தா வரச் சொன்னாரேக்கா.”

“ஆமா, இதுக்குப் போயி ஆம்பளை டாக்டர்கிட்ட புடவையைத் தூக்கிக் காட்டச் சொல்லு. நெறிக்கு ஆஸ்பத்திரி போனவங்க நாமதான்னு ஊரு சிரிக்கட்டும்.”

அப்பா குனிந்து சோற்றைப் பிசைந்தார். அத்தை உப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுத்தாள்.

புண் அழகாக ஆறியது. இதை இன்றும் என்னால் வேறு சொல்லால் சொல்ல முடியவில்லை. தையல் பிரித்த மாசேர் காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “பாப்பா, பெரியவளானதும் இங்க வேலைக்கு வந்துடு” என்றார். டாக்டரும் எட்டிப் பார்த்துத் தலையசைத்தார். நெறியைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. அதுதான் இனிக் கரையப் போகிறதே.

கரையவில்லை. தீபாவளிக்கு எலுமிச்சம்பழம் அளவுக்கு வந்துவிட்டது. வலி இல்லை, கல்லாக இருந்தது. அத்தையின் கேலி எப்போது நின்றது என்று யோசித்துப் பார்க்கிறேன், பிடிபடவில்லை. ஒத்தடம் மட்டும் தொடர்ந்தது. ஐப்பசி மழையில் அப்பா ஆலைக்குப் போகாமல் ரிக்‌ஷா பிடித்துவந்தார்.

டாக்டர் திரைக்குப் பின்னால் வெகுநேரம் பார்த்தார். பிறகு அப்பாவைத் தாழ்வாரத்துக்கு அழைத்துப் போய்ப் பேசினார். திரும்பிவந்து, அம்மாவின் பக்கத்தில் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“என்ன சாப்பிடத் தோணுதோ சாப்பிடுங்கம்மா. நடக்கணும்னா நடங்க. பத்தியம் எதுவும் வேணாம்.”

“கட்டு?” என்று நான் கேட்டேன்.

“வேணாம் பாப்பா. நீ நல்லாத்தான் பாத்துக்கிட்ட.”

மருந்து கொடுக்கவில்லை. மறுபடி எப்போது வர வேண்டும் என்றும் சொல்லவில்லை. மருந்து நின்றால் நோய் போய்விட்டது என்று அர்த்தம் இல்லையா? ரிக்‌ஷா தெருமுனையில் திரும்பும்போதே குதித்து ஓடினேன். அம்மாவுக்குப் பத்தியமே வேண்டாமாம், கருவாடு சாப்பிடலாமாம், எங்கே வேண்டுமானாலும் நடக்கலாமாம் என்று மூச்சிரைக்க அத்தையிடம் சொன்னேன். அவள் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். தோற்றுப்போன கோபம் என்று நினைத்துக்கொண்டு, அடுத்தடுத்த வீடுகளுக்கு ஓடினேன்.

அடுத்த மாசி மகத்துக்கு அம்மா இல்லை.

ரிக்‌ஷாவில் திரும்பிவந்த அன்று மாலை தெருப் பெண்கள் வந்தார்கள். ஒவ்வொருத்தியாக வந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து முகத்தையே பார்த்தார்கள். நான் விடவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் அம்மாவின் காலைத் தூக்கிப் பிடித்து, எங்கே தைத்தார்கள், எப்படி மூடியிருக்கிறது, ஓரத்தில்கூடச் சிவப்பு இல்லை என்று விரல் வைத்துக் காட்டினேன். அவர்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள். அம்மா ஒருமுறைகூடப் போதும் என்று சொல்லவில்லை. அடுத்தவள் படியேறும் சத்தம் கேட்டதும், நான் கேட்காமலேயே காலை என் மடியில் நீட்டினாள்.