துரை சொன்ன ஐஸ்

குலசேகரத்துக்கு மேலே மலைச்சரிவில் இருந்த ரப்பர் தோட்டத்தில் ஞானையன் கணக்கெழுதும் ரைட்டர். வெள்ளைக்காரத் துரை ஆங்கிலத்தில் சொல்வதைப் பால்வெட்டும் ஆட்களுக்குத் தமிழில் சொல்வதும் அவர் வேலைதான். மிஷன் பள்ளியில் படித்தவர். தெரியாது என்ற சொல் மட்டும் அவர் வாயில் வராது.

ரப்பர் விலை விழுந்து, தொட்டதற்கெல்லாம் ஆளைக் கழித்துக்கொண்டிருந்த 1931-ஆம் வருஷம். பால்வெட்டும் கோலப்பன் ஒரு மரத்தில், மரமே கெடும்படி, கத்தியை ஆழமாக இறக்கிவிட்டான். துரை பட்டையைத் தடவிப் பார்த்தார். கத்தவில்லை. நீ மெலிசான ஐஸின் மேல் நிற்கிறாய் என்று அமைதியாக ஆங்கிலத்தில் சொன்னார். இந்தத் துரைமார் ஒன்றையாவது நேராகச் சொன்னால் என்ன கேடு?

ஞானையன் ஐஸைக் கண்ணால் கண்டதில்லை. குளிரும் என்று மட்டும் தெரியும். நம் ஊர் வெயிலுக்குக் குளிர்ச்சி நல்லதுதானே? கண் குளிர்ந்தது, மனம் குளிர்ந்தது என்றுதானே சொல்கிறோம்?

"ஏலே கோலப்பா, தொரைக்கு உன்மேல மனசு குளுந்திருக்கு. கொஞ்சம்போலதான்."

கோலப்பனுக்குப் போன உயிர் வந்தது. அவன் மனைவி செல்லத்தாய்க்கு நிறைமாதம். வேலை போனால் லயத்தில், தோட்டத்துக் கூலிவீட்டு வரிசையில், குடியிருந்த அறையும் போய்விடும். அந்தப் பயத்தில் அவன் காய்ச்சலோடுகூட வேலைக்குப் போனவன். மறுநாள் காலையில் அவளுக்கு வலி கண்டது. துரைக்குத்தான் மனம் குளிர்ந்திருக்கிறதே என்று, யாரிடமும் கேட்காமல் மருத்துவச்சியை அழைக்க மலையிறங்கினான்.

திரும்பி வந்தபோது அவனுடைய சட்டிபானை லயத்து வாசலில் கிடந்தது.

"நேற்றே எச்சரித்தேன்" என்றார் துரை ஞானையனிடம். "மெலிசான ஐஸ் உடையும். மேலே நிற்பவன் மூழ்கிச் சாவான். இதை அவனிடம் சொன்னாயா?"

ஞானையனுக்கு அப்போதுதான் விளங்கியது. உண்மையைச் சொன்னால் கோலப்பன் தப்புவான்; தன் ரைட்டர் வேலை போய்விடும்.

"சொன்னேன்" என்றார்.

மழையில் மலையிறங்கும் வழியிலேயே பிள்ளை பிறந்தது. அழவேயில்லை. ஞானையன் மேல் எனக்கு இரக்கமும் உண்டு, ஆனால் கோபம்தான் அதிகம்.

சில வருஷம் கழித்து, குழித்துறைச் சந்தையில் கோலப்பன் ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டான். செல்லத்தாயும் கூட இருந்தாள்.

"ரைட்டரே, சொகமா இருக்கேரா? அண்ணைக்குத் தொரைக்கு நல்ல மனசுதான் இருந்துது, நீரு சொன்னேரே. நான்தான் கேக்காம போயி கெடுத்துப்போட்டேன். பிள்ள போனது என்னாலதான்."

செல்லத்தாய் தலையைக் குனிந்துகொண்டாள். அவளும் அப்படித்தான் நம்பியிருந்தாள்.

ஞானையன் வாயைத் திறந்தார்.

"பஸ் வந்துட்டு" என்று சொல்லிவிட்டுப் போனார்.